கரடி அடித்த முகம்: மறுபடியும் ஸ்கேன் எதற்கு?

கேள்வி: டாக்டரம்மா, தோட்டத்தில் கவாத்து வெட்டப் போன என் வீட்டுக்காரரைக் கரடி முகத்தில் அடித்துவிட்டது. மூன்று மாதம் ஆகிறது. தையல் ஆறிவிட்டது. ஆனால் வலது கன்னம் தட்டையாகி, கண் உள்ளே போய்விட்டது. எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்கிறார். ஆபரேஷனுக்கு முன்னால் ‘த்ரீ-டி ஸ்கேன்’ வேண்டும் என்கிறார்கள் கோவையில். அடிபட்ட அன்றே தலைக்கு ஸ்கேன் எடுத்தோமே, அது போதாதா?
– வாசகி ஒருவர், கோத்தகிரி

பதில்: போதாதும்மா. அன்று எடுத்தது மூளையில் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்க்க. ஸ்கேன் தலையைத் துண்டு துண்டாக நறுக்கியதுபோல் படமெடுக்கும். அன்றைய ஸ்கேனில் ஒவ்வொரு துண்டும் பெரும்பாலும் 5 மி.மீ. கனத்தில் இருக்கும். கண்ணைக் கீழிருந்து தாங்கும் எலும்போ சில இடங்களில் அரை மி.மீ.தான். முகத்துக்கு 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவான கனத்தில் படங்கள் வேண்டும். தவிர, மூன்று மாதத்தில் உடைந்த எலும்பு தப்பான இடத்திலேயே ஒட்டியிருக்கும். எங்கே வெட்டி, எவ்வளவு நகர்த்துவது என்று முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

அடிபடாத இடது பக்க எலும்பைக் கம்ப்யூட்டரில் இடம் வலமாகப் புரட்டி, வலது பக்கத்தின் மேல் பொருத்திப் பார்ப்போம். எலும்பு எங்கே விலகியிருக்கிறது என்பது அப்போது தெரிந்துவிடும். (இரண்டு பக்கமும் உடைந்திருந்தால் இந்த வழி உதவாது.) பிறகு சரிசெய்த அந்த மண்டையோட்டை பிளாஸ்டிக்கில் அச்செடுத்து, கண்ணைத் தாங்க உள்ளே வைக்கும் டைட்டானியம் உலோக வலையை அதன் மேல் வைத்து முன்கூட்டியே வளைத்துக்கொள்வோம். மயக்கத்தில் இருக்கும் நேரம் குறையும். அந்த மாடலின் கண்குழி விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்காமல் நான் ஆபரேஷன் தியேட்டருக்குள் போவதில்லை. பள்ளத்தின் ஆழம் திரையைவிட விரலுக்குத்தான் சட்டென்று பிடிபடுகிறது.

ஒளிக்காமல் சொல்கிறேன்: தழும்பு தோலை எப்படி இழுக்கும், மரத்த கன்னத்தில் உணர்ச்சி திரும்புமா என்பதெல்லாம் ஸ்கேனில் தெரியாது. இரட்டையாகத் தெரிவது குறையலாம். முழுக்கப் போகும் என்று யாரும் உறுதி தர முடியாது. கண் டாக்டரிடமும் முன்னதாகக் காட்டிவிடுங்கள்.

ஃபிலிமை மட்டும் வாங்கிக்கொண்டு மலையேறிவிடாதீர்கள். ஸ்கேன் படங்கள் முழுவதும் கம்ப்யூட்டரில் திறக்கும் வடிவில் இருக்கும் டைகாம் (DICOM) ஃபைலை பென் டிரைவில் பதிந்து தரச் சொல்லுங்கள். அது இல்லாமல் திட்டமே போட முடியாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். வனத்துறை நிவாரணத்துக்கு மனு கொடுக்காமல் இருந்தால் உடனே கொடுங்கள். அடிபடுவதற்கு முன் எடுத்த, முகம் நேராகத் தெரியும் பழைய போட்டோ ஒன்றும் வேண்டும். யாருக்கும் இரு கன்னமும் அச்சாக ஒன்றுபோல் இருக்காது. அவருடையது எப்படி இருந்தது என்று அறுவை செய்பவர் பார்க்க வேண்டும்.