முழங்கால் வலியுள்ள அம்மாவை மியூர் வுட்ஸ் காட்டுக்குக் கூட்டிப் போகலாமா?

கேள்வி: மதுரையிலிருந்து அப்பாவும் அம்மாவும் சான் பிரான்சிஸ்கோ வந்திருக்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. பக்கத்தில் இருக்கும், ரெட்வுட் என்ற நெடுமரங்கள் நிறைந்த மியூர் வுட்ஸ் காட்டை அவர்கள் நிம்மதியாகச் சுற்றிவர முடியுமா?

தாராளமாக முடியும். ஓடையின் ஒரு கரையில் போய், பாலம் தாண்டி, மறு கரையில் திரும்பும் பாதை அது. இரண்டாவது பாலத்தோடு திரும்பினால் சுமார் 800 மீட்டர், மூன்றாவதோடு திரும்பினால் 1.6 கிலோமீட்டர். அம்மாவுக்கு மூன்றாவது பாலம் சரியாக இருக்கும். பிரதான பாதை பலகையும் தாரும் போட்ட சமதளம்தான். மலைச்சரிவில் ஏறும் ஹில்சைடு பாதை மட்டும் வேண்டாம், அது குறுகலானது, மேடுபள்ளம் அதிகம்.

காலை 8 மணிக்குத் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் அந்த அமைதி கிடைக்காது. கார் நிறுத்தும் இடத்தையோ ஷட்டில் பஸ்ஸையோ முன்பதிவு செய்தே ஆக வேண்டும். அங்கே சிக்னல் கிடையாது, அதனால் சீட்டை வீட்டிலேயே போனில் இறக்கிக்கொள்ளுங்கள். கோடையிலும் குளிரும், ஸ்வெட்டர் அவசியம். காட்டுக்குள் கட்டுச்சோற்றைப் பிரிக்க அனுமதியில்லை.

இந்த ரெட்வுட் நம் ஊர்ச் செம்மரம் அல்ல, வேறு இனம். இங்குள்ளவற்றில் மிக உயரமானது ஏறத்தாழ 79 மீட்டர். மதுரை தெற்குக் கோபுரத்தைவிட அரை மடங்கு கூடுதல் என்று அப்பாவிடம் சொல்லுங்கள், அண்ணாந்து பார்ப்பார். அவ்வளவு பெரிய மரத்துக்கு ஆணிவேர் கிடையாது. வேர்கள் மூன்று நான்கு மீட்டர் ஆழத்துக்குள்ளேயே பக்கவாட்டில் பரவி நிற்கின்றன. போட்டோவுக்காகப் பாதையை விட்டு இறங்கினால் அவற்றின் மேல் மண் இறுகிவிடும். தயவுசெய்து வேலியைத் தாண்டாதீர்கள்.

அப்புறம், மரத்தடியில் மூன்று இதழாக விரிந்த கீரை மாதிரி ஒன்று படர்ந்திருக்கும். அம்மா பார்த்ததும் "புளியாரை!" என்பார். அதே குடும்பம்தான். வெயில் நேராகப் பட்டால் இலையைக் குடைபோல மடக்கிக்கொள்ளும், நிழல் வந்ததும் விரிக்கும். ஒரு வெயில் கீற்று நகர்ந்து வரும் இடத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள், பறிக்க மட்டும் கூடாது. அம்மாவின் முழங்காலுக்கும் அது ஓய்வு.