மாத்திரையை ஏன் ஒளிக்கிறீர்கள், தங்கச்சி?

கேள்வி: அக்கா, எனக்கு 38 வயது. கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார், நானும் பிளஸ் டூ படிக்கிற மகளும் மாமியாரும் இங்கே இருக்கிறோம். நாலு மாதமாக ராத்திரி இரண்டு மணி, மூன்று மணிக்கு முழிப்பு வந்து நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, மூச்சு முட்டுகிறது, இப்போதே உயிர் போய்விடும் போல இருக்கிறது. இசிஜி, தைராய்டு எல்லாம் பார்த்தாச்சு, ஒன்றுமில்லை. பதற்ற நோய் என்று டாக்டர் மாத்திரை எழுதினார். ஜெபக் கூட்டத்தில் ஒருவர், ‘விசுவாசம் இருக்கிறவளுக்கு மாத்திரை எதுக்கு’ என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறேன். எனக்கு விசுவாசம் இல்லையா?
— பெயர் வேண்டாம், காரைக்குடி

பதில்: தங்கச்சி, முதல் வேலையாக அந்த மாத்திரையை வெளியே எடுத்து வையுங்கள். மஞ்சள்தூள் வாசம் ஏறிவிடும்.

உங்களைக் கேட்டவர் கெட்டவராக இருக்க மாட்டார், ஆனால் வேதத்தை அரைகுறையாகப் புரட்டியிருக்கிறார். தாவீதை எடுத்துக்கொள்ளுங்கள். கோலியாத்தைக் கவணால் அடித்த அதே ஆள், தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜாவுக்குத் தப்பி ஓடிக் காத் ஊர் ராஜாவிடம் போய் மாட்டியபோது ‘மிகவும் பயப்பட்டான்’ என்று 1 சாமுவேல் 21-ல் எழுதியிருக்கிறது. பயந்து என்ன செய்தார்? பைத்தியக்காரன் போல நடித்து, வாசற்கதவில் கீறிக்கொண்டு, தாடியில் எச்சிலை வழியவிட்டார். அந்தக் காத் ஊரில் பிடிபட்டபோது பாடியது என்ற தலைப்போடுதான் சங்கீதம் 56 இருக்கிறது. அதன் 3-வது வசனம், ‘நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்.’ பயமே வராது என்று அவர் சொல்லவில்லை பாருங்கள், பயப்படுகிற நாள் என்று ஒன்று உண்டு என்று ஒத்துக்கொண்டுதான் வாயைத் திறக்கிறார். சங்கீதம் 88 இன்னும் மோசம், கடைசி வரி வரைக்கும் ஆறுதலே கிடையாது, அதையும் யாரும் வேதத்திலிருந்து கிழித்துப் போடவில்லை. சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே ‘என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது’ என்று சீஷர்களிடம் சொன்னார். அவரிடம் போய் விசுவாசக் குறைவு என்று யார் சொல்வது?

எனக்கு ரொம்பப் பிடித்தது எலியா தீர்க்கதரிசியின் கதை. போதும் கர்த்தாவே, என்னை எடுத்துக்கொள்ளும் என்று சூரைச்செடிக்கு அடியில் படுத்துவிட்டார். வந்த தேவதூதன் ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு செம்புத் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டு மறுபடி தூங்கினார், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். நம்ம பக்கத்து ஆச்சிமார் வாசலில் கால் வைக்கிறவரிடம் வேறு எதையும் கேட்காமல் முதலில் சாப்பிட்டாச்சா என்று கேட்பார்களே, அந்த மாதிரி. உடம்பைக் கவனித்த பிறகுதான் ஆண்டவர் பேசவே தொடங்குகிறார்.

மாத்திரைக்கு வருவோம். அப்போஸ்தலன் பவுலோடு கூடப் போன லூக்கா ஒரு வைத்தியர். பவுலின் இளம் ஊழியன் தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிற்றுக் கோளாறு வந்தபோது, கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்றுதான் பவுல் எழுதினார். மூளையும் வயிறு மாதிரி ஓர் உறுப்புதானே. பதற்றத்துக்குக் கொடுக்கிற மாத்திரைகளில் சில வேலை காட்டவே இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் ஆகும், சிலவற்றைத் திடீரென்று நிறுத்தினால் படபடப்பு இன்னும் கூடும். அதனால் கூட்டத்தில் யார் என்ன சொன்னாலும் டாக்டரிடம் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

ராத்திரி முழிப்பு வந்தால் படுத்துக்கொண்டே போராடாதீர்கள். எனக்கும் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த வருஷம் இப்படி வந்தது, நான் செய்ததைச் சொல்கிறேன். எழுந்து முற்றத்துப் பக்கம் போய் ஆத்தங்குடிக் கல் மேல் வெறுங்காலோடு நிற்பேன், அந்த நேரத்தில் அது சில்லென்று இருக்கும், குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறும். ‘நான் பயப்படுகிற நாளில்’ என்று மனதுக்குள் சொல்லி மூச்சை இழுப்பது, ‘உம்மை நம்புவேன்’ என்று அதைவிட நிதானமாக விடுவது. மூச்சை விடும் நேரம் நீண்டால் இதயத் துடிப்பு இறங்கும், அது உடம்பின் அமைப்பு. இந்தப் படபடப்பு பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சிக்குப் போய்த் தானாக இறங்கத் தொடங்கும். சாயங்காலத்துக்குப் பிறகு காபி வேண்டாம்.

ஒன்று மட்டும் கண்டிப்பாக. செத்துவிடுவோமோ என்ற பயம் போய், செத்தால் தேவலை என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே 14416-க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் என்று அரசாங்கம் நடத்துகிற இலவச எண், தமிழிலேயே பேசலாம். அப்புறம், சிங்கப்பூரில் இருக்கிறவரிடம் இதைச் சொன்னீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கேள்வி: ‘நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்’ என்று இயேசு சொல்கிறார். அப்படியானால் அடுத்த மாதப் பரீட்சைக்கு நான் ஏன் படிக்க வேண்டும்?
— பிளஸ் டூ மாணவன், தேவகோட்டை

பதில்: தம்பி, கெட்டிக்காரன்தான். ஆனால் மத்தேயு 6:34-ஐ முழுசாகப் படி, ‘அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்’ என்று முடிகிறது. இன்றைக்கு உன் பாடு அந்த இயற்பியல் புத்தகம். நாளைக்கு வரப்போகிற மார்க்கை இன்றைக்கே தலையில் சுமக்காதே என்றுதான் சொல்கிறார்.

கேள்வி: நான் கிறிஸ்தவன் இல்லை. கடன் தொல்லையில் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. கூட வேலை பார்க்கிறவர் ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்கு வரச் சொல்கிறார். போகலாமா?
— கோட்டையூர்

பதில்: தாராளமாகப் போங்கள், அங்கே யாரும் சாதி மதம் கேட்க மாட்டார்கள். நான் கத்தோலிக்கர் இல்லை, நானே போயிருக்கிறேன். அருளானந்தர் என்று நாம் சொல்கிற போர்ச்சுகல் நாட்டுப் பாதிரியார் ஜான் டி பிரிட்டோவை 1686-ல் மறவர் சீமையில், அதாவது ராமநாதபுரம் பக்கத்தில், பிடித்துச் சித்திரவதை செய்து, இனி இந்தப் பக்கம் வராதே என்று விட்டார்கள். ஐரோப்பாவுக்குப் போனவர் என்ன நடக்கும் என்று தெரிந்தே திரும்பி வந்தார், 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலையை வெட்டினார்கள். அந்தச் செம்மண் அவர் ரத்தத்தால் சிவந்தது என்பது ஊர் நம்பிக்கை.

அங்கே போய் உட்கார்ந்து அழ வேண்டுமென்றால் அழுதுவிட்டு வாருங்கள். ஆனால் யார் யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி என்று ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டு போங்கள், திரும்பி வருகிற பஸ்ஸில் அதை எடுத்துப் பார்க்கத் தைரியம் வந்திருக்கும். தேவகோட்டை, திருவாடானை வழியாகப் போக வேண்டும். வெயிலுக்கு முன்னால் கிளம்பிவிடுங்கள்.