கேம் இசை ஏன் கண்ணைக் கலக்குகிறது? கேள்வி பதில்

பெங்களூருவில் வீடியோ கேம்களுக்கு ஒலி அமைப்பதுதான் என் பிழைப்பு. கேம் இசை பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று நம் ஊர்த் தமிழ்க் குழுவில் வாய்விட்டுவிட்டேன். வந்த கேள்விகளில் சிலவும் என் பதில்களும் இதோ.

அக்கா, சின்ன வயதில் நேஷனல் மார்க்கெட்டில் வாங்கிய கேம் செட்டில் மாரியோ ஆடினோம். போன வாரம் என் பையன் அந்த மியூசிக்கைப் போட்டான், எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. வெறும் பீப் பீப் சத்தம்தானே? (அல்சூர்)

பீப் சத்தம்தான். மாரியோவைச் செய்த நிண்டெண்டோ கம்பெனியின் செட்டில் இருந்த ஒலிச் சில்லில் (சிப்பில்) மொத்தமே ஐந்து ஒலித் தடங்கள். மெட்டுக்கு இரண்டு, கீழ்ஸ்தாயிக்கு ஒன்று, தாளத்துக்கு இரைச்சலாக ஒன்று, பதிவு செய்த சின்னச் சத்தங்களுக்கு ஒன்று. வயலின் கூட்டத்தை இறக்கி மயக்க முடியாது. 1985ல் மாரியோவுக்கு இசையமைத்த கோஜி கொண்டோவுக்கு மெட்டை விட்டால் வேறு கதியில்லை. அதே பள்ளத்தில் விழுந்து விழுந்து அந்த மெட்டை எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பீர்கள்! அண்ணன் ரிமோட்டைப் பிடுங்கியது, பாதியில் கரண்ட் போனது எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஒரு தமாஷ்: நம் ஊரில் விற்ற செட்டுகள் பெரும்பாலும் நகல்கள். பல நகல் சில்லுகளில் ஒலியின் நாதம் லேசாக மாறியிருக்கும். பையன் போட்ட அசல், உங்களுக்குக் கொஞ்சம் போலியாகக்கூடக் கேட்டிருக்கலாம்.

சினிமா பின்னணி இசைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? (கோரமங்கலா)

சினிமாவில் ஹீரோ எந்த நொடியில் சாவான் என்பது இசையமைப்பாளருக்குத் தெரியும். கேமில் ஆடுபவர் சண்டைக்குப் போகாமல் அரை மணி நேரம் மரத்தை வேடிக்கை பார்க்கலாம். இசை காத்திருக்க வேண்டும்.

கல்யாண மேளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நாதஸ்வரக்காரர் ஏதோ கீர்த்தனை வாசித்துக்கொண்டிருப்பார். தாலியை எடுத்ததும் யாரோ விரலை ஆட்டுவார்கள், அந்த நொடியே கெட்டிமேளம். கேம் இசைக்காரர் எழுதுவது இந்த ஏற்பாட்டைத்தான். அமைதி, பதற்றம், சண்டை என்று தனித்தனி அடுக்குகள் சேர்ந்தே ஓடும். ஆபத்து நெருங்கினால் அடுத்த அடுக்கின் சத்தம் கூடும். 1991ல் மங்கி ஐலண்ட் கேமின் இரண்டாம் பாகத்துக்காக லூகாஸ்ஆர்ட்ஸ் கம்பெனி இதற்கென்றே ஐமியூஸ் என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. அதற்கும் முன்னால், 1978ன் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கேமில் இறங்குமுகமாக நான்கே ஸ்வரங்கள். எதிரிகள் குறையக் குறைய அதன் வேகம் கூடும். மெட்டு என்று சொல்ல ஒன்றுமில்லை, ஆனாலும் உள்ளங்கை வியர்க்கும்.

உணர்ச்சி வேறுபடுவதும் இங்கேதான். 2005ல் வந்த ஷேடோ ஆஃப் தி கொலோசஸ் கேமில் பிரம்மாண்டமான ஒரு பிராணியைப் போராடிச் சாய்ப்பீர்கள். வெற்றி முழக்கம் வராது, இழவு வீட்டு இசை மாதிரி ஒன்று வரும். சினிமாவில் வில்லன் செத்தால் கைதட்டலாம். இங்கே கொன்றது உங்கள் கட்டைவிரல். நான் முதல் தடவை ஆடியபோது கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன்.

மைன்கிராஃப்ட் இசையில் சோகமே இல்லை. அப்புறம் ஏன் அழுகை வருகிறது? (ஒயிட்ஃபீல்டு)

தம்பி, அதில் பாதி வேலை மௌனத்துடையது. பல நிமிடம் ஒன்றும் கேட்காது. நீ பாட்டுக்குக் கல் உடைத்துக்கொண்டிருப்பாய், திடீரென்று ஒரு பியானோ. சி418 என்ற பெயரில் இசையமைத்த டேனியல் ரோசன்ஃபெல்ட், இப்போது இதை உணர் என்று எங்கும் சொல்வதில்லை. காலி இடம் விட்டிருக்கிறார், நீ உன் ஸ்கூல் நண்பர்களைக் கொண்டுபோய் வைத்திருக்கிறாய். அவர்கள் இப்போது ஆளுக்கொரு ஊரில் இருப்பார்கள், இல்லையா?

வேலை செய்யும்போது போட்டுக்கொள்ளலாமா? (எலக்ட்ரானிக் சிட்டி)

தாராளமாக. வரிகள் இல்லாததாகப் பாருங்கள். பாஸ் (கேமின் பெரிய வில்லன்) சண்டை இசை வேண்டாம், மேனேஜர் மீது கோபம் வரும்.

எனக்கு வயது 68. முகாரியில் வரும் உருக்கம் இந்தக் கம்ப்யூட்டர் சங்கீதத்தில் வருமா, அம்மா? (எச்.ஏ.எல். பக்கம்)

முகாரிக்கு ஈடு என்று சொல்ல எனக்கு வாய் வராது ஐயா. ஆனால் 2012ல் வந்த ஜர்னி கேமின் இசையைப் பேரனிடம் கேளுங்கள். ஆஸ்டின் வின்டரி அமைத்தது, கிராமி பரிந்துரை பெற்றது. அதில் வாசிப்பவர்கள் நிஜ மனிதர்கள். பாலைவனத்தில் நடக்கும் அந்த ஒற்றை உருவத்தின் குரலாக ஒரு செல்லோ வரும். காதில் மட்டும் கேட்காதீர்கள், பேரன் ஆடும்போது பக்கத்தில் உட்காருங்கள்.

நம் தமிழில் ஏதாவது உண்டா? (ஸ்ரீராமபுரம்)

வெண்பா என்ற கேம், 2023. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை, செய்ததும் அங்கே டொராண்டோவில்தான். கேமில் நீங்கள் சமைக்கும்போது ரேடியோவில் அந்தந்தக் காலத் தமிழ்ப் பட இசையின் வாசனையோடு புதுப் பாட்டுகள் ஓடும். பிள்ளை மெல்ல மெல்லத் தமிழிலிருந்து நழுவுவதைப் பார்க்கும்போது, வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமுமாக வளர்ந்த நமக்கு எங்கேயோ சுருக்கென்று குத்தும். அம்மாவோடு சேர்ந்து ஆடுங்கள். முதல் பலகாரம் இட்லி. தட்டை எப்படி அடுக்குவது என்று நீங்கள் யோசிப்பதற்குள் அவர் சொல்லிவிடுவார்.