மூன்று வயதுக் குழந்தைக்கு இரவில் படக்கதைப் புத்தகம் வாசித்துக் காட்டுவது எப்படி? இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் அவளே புரட்டிவிடுகிறாள், கதை முடிவதே இல்லை.

முடிய வேண்டாம், புரட்டட்டும்.

நாங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம். மகளுக்கு மூன்றரை வயது, மகனுக்கு ஆறு. தொடக்கத்தில் நானும் ஒரு வரி விடாமல் வாசித்துக்கொண்டே போனேன். ஒரு நாள் மகள் என் கையைத் தள்ளிவிட்டு, ஆடு ஒன்று நிலாவைப் பார்த்து நிற்கும் படத்தில் விரலை வைத்தாள். வேலிக்கு அடியில் மிளகு அளவில் ஒரு தவளை. கதையில் தவளையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அடுத்த பக்கத்தில் அதே தவளை கிணற்று மேட்டில். அதற்கடுத்த பக்கத்தில் ஆட்டின் முதுகில். எழுத்தில் இல்லாத இன்னொரு கதையை ஓவியர் வரைந்து வைத்திருக்கிறார். அத்தனை இரவு வாசித்தும் என் கண்ணில் அது படவேயில்லை.

அதனால் புதுப் புத்தகம் வந்தால் முதல் இரவு எழுத்தைத் தொடுவதே இல்லை. படம் மட்டும்தான். "இது எங்கே போகிறது?" என்று ஒன்று கேட்டுவிட்டுக் காத்திருப்பேன். அவள் "நாய்" என்றால், "ஆமாம், மழையில் நனைந்த நாய்" என்பேன். மறுநாள் அவளே "நனைந்த நாய்" என்று தொடங்குவாள். குழந்தையைப் பேசவைத்து, அது சொன்னதோடு ஒரு சொல் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கும் இந்த முறையை உளவியலாளர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988-இல் ஆய்வாக வெளியிட்டார்கள். பெற்றோர் ஒரு மாதம் இப்படி வாசித்ததிலேயே குழந்தைகளின் பேச்சு முன்னேறியிருந்தது.

புத்தகத் தமிழ் அந்நியமாக இருக்குமோ என்ற தயக்கம் எங்கள் மாவட்டத்துப் பெற்றோர் பலருக்கு உண்டு. அச்சில் 'பலாப்பழம்', வீட்டில் சக்கை. அச்சில் 'தாத்தா', வீட்டில் பாட்டா. முதலில் எங்கள் சொல்லையே சொல்வேன். கதை பழகிய பிறகு அச்சிலுள்ள சொல்லுக்கு மாறுவேன். இப்போது மகள் இரண்டையும் சொல்கிறாள். வீட்டுச் சொல்லைத் திருத்தாதீர்கள், தயவுசெய்து.

விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்து வாசித்துப் பாருங்கள். ஆடி மாதச் சாரலில் மின்சாரம் போன ஓர் இரவில் தற்செயலாகக் கண்டுபிடித்தது இது. வெளிச்சம் விழும் வட்டத்தில் மட்டும் கண் நிற்பதால், ஓரிடத்தில் உட்காராத பிள்ளையும் உட்காருகிறது. அடுத்து எங்கே வெளிச்சம் போக வேண்டும் என்பதை அவளே சொல்லட்டும்.

புத்தகத்துக்குச் செலவு என்று தள்ளிப்போட வேண்டாம். குழந்தைகளுக்கான பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகப் பதிவிறக்கலாம். தூங்கும் நேரத்தில் போனைக் கையில் கொடுக்காமல் அச்சிட்டுத் தைத்துக் கொடுங்கள். இரண்டு மூன்று கதை போதும், பிள்ளைகள் அதையேதான் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். வண்ணத்திலேயே அச்சிடுங்கள். கறுப்பு வெள்ளையில் தவளை தெரியாது.