பக்கத்து வீட்டுச் சிகரெட் புகை: வாடகைக்கு இருப்பவர் என்ன செய்யலாம்?

கேள்வி: வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். இரண்டாம் மாடியில் இருப்பவர் இரவு நேரங்களில் தம் குளியலறையில் நின்று சிகரெட் பிடிக்கிறார். அந்தப் புகை எங்கள் குளியலறை ஜன்னல் வழியாக ஏறி, படுக்கையறை வரை வந்துவிடுகிறது. நான்கு வயது மகனுக்கு வீசிங் தொந்தரவு உண்டு. அவர் சொந்த வீட்டுக்காரர், வயதிலும் மூத்தவர். சங்கத்தில் சொன்னதற்கு, "அவர் வீட்டுக்குள் அவர் பிடிக்கிறார், நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்று கேட்கிறார்கள். சட்டத்தில் வழி உண்டா?
– வாசகி, சென்னை

பதில்: வாடைதானே, ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள் என்று யாராவது சொன்னால் அதை ஏற்காதீர்கள். பிறர் விடும் புகையில் பாதிப்பில்லாத அளவு என்று ஒன்று கிடையாது என அமெரிக்க அரசின் தலைமை மருத்துவரது 2006ஆம் ஆண்டு அறிக்கை தெளிவாகச் சொல்லிவிட்டது. ஏற்கெனவே இழுப்பு இருக்கும் பிள்ளைக்கு அது மீண்டும் மீண்டும் வருவதற்கு இந்தப் புகையே காரணமாகலாம். எனவே மகனைப் பார்க்கும் மருத்துவரிடம், புகை படாமல் இருக்க வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மேற்கொண்டு நீங்கள் செய்யும் எல்லாவற்றுக்கும் அந்தக் காகிதம் துணை நிற்கும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, உங்களுக்கு ஏமாற்றம் தரும் பதிலைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. 2003ஆம் ஆண்டின் புகையிலைப் பொருட்கள் சட்டமும், 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளும் பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடுத்து, 200 ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்கின்றன. ஒருவரது வீட்டின் உட்புறம் அந்தத் தடைக்குள் வராது. அண்டை வீட்டாரின் தொல்லைக்கு எதிராக உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம் என்றாலும், அதற்குப் பிடிக்கும் காலத்தையும் செலவையும் பார்த்தால், வாடகை வீட்டில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் வீட்டு உரிமையாளருக்கும் வாடகைதாரருக்கும் இடையிலான வழக்குகளுக்கானது. கீழ்வீட்டுக்காரரை அது கட்டுப்படுத்தாது.

ஆகவே, முதலில் புகை வரும் பாதையைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலான குடியிருப்புகளில் எல்லா மாடிகளின் குளியலறை ஜன்னல்களும் ஒரே டக்டை, அதாவது கீழ்மாடியிலிருந்து மேலே வரை செல்லும் குறுகிய காற்றுவெளியை, நோக்கித்தான் திறக்கின்றன. கீழே விடும் புகை சூடான காற்றோடு மேலேறும். இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. மற்ற ஜன்னல்களை மூடிவிட்டுச் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால், அது வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக டக்டிலிருந்து காற்று உள்ளே இழுக்கப்படும். புகையும் அதோடு வரும். குளியலறை ஜன்னலருகே ஓர் ஊதுபத்தியைப் பிடித்து, அதன் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஃபேன் ஓடும்போதும் நிறுத்திய பிறகும் பாருங்கள். உள்நோக்கிச் சாய்ந்தால், அந்த ஃபேனைப் போடும்போதெல்லாம் தெருப்பக்க ஜன்னல் ஒன்றைத் திறந்து வையுங்கள். உரிமையாளரின் சம்மதத்தோடு, குளியலறைக் கண்ணாடிப் பட்டைகளை எடுத்துவிட்டு, நிறுத்தினால் தானாக மூடிக்கொள்ளும் மடிப்புகள் கொண்ட எக்ஸாஸ்ட் ஃபேனைப் பொருத்தலாம். குளியலறைக் கதவின் அடி இடைவெளியையும் ரப்பர் பட்டையால் அடைக்கலாம். ஆனால் அங்கே கேஸ் கீசர் இருந்தால் எதையும் அடைக்கவே கூடாது, அது உயிருக்கே ஆபத்து. காற்றுச் சுத்திகரிப்பான் புகைத் துகள்களைக் குறைக்கும். வாயுக்களை முழுவதும் நீக்காது. அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

இவற்றைச் செய்துகொண்டே அந்தப் பெரியவரிடமும் பேசுங்கள். தம் வீட்டில் விடும் புகை மேல்வீட்டுப் பிள்ளையின் படுக்கை வரை போகிறது என்பது அவருக்குத் தெரியாமலே இருக்கலாம். இரவில் கோபத்தோடு கதவைத் தட்டாமல், ஒரு ஞாயிறு காலையில் கணவரும் நீங்களுமாகச் சேர்ந்து போங்கள். சிகரெட்டை விடச் சொல்லாதீர்கள். வீட்டிலேயே பலமுறை கேட்டிருக்கக்கூடிய அறிவுரை அது. "சார், பையனுக்கு வீசிங் இருக்கிறது, டக்ட் வழியாகப் புகை மேலே வந்துவிடுகிறது. ராத்திரியில் மட்டும் மொட்டை மாடிக்குப் போய்ப் பிடிக்க முடியுமா?" என்று இடத்தை மாற்றிக்கொள்ளும்படி மட்டும் கேளுங்கள். மறுப்பதற்குக் கடினமான வேண்டுகோள் அது.

அவர் இணங்காவிட்டால் சங்கத்துக்கு எழுத்து மூலம் போங்கள். வாடகைக்கு இருப்பவர் வாயால் சொல்வதைப் பல சங்கங்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை. அது முறையல்ல, ஆனால் நடைமுறை அப்படித்தான் இருக்கிறது. புகை வந்த நாட்களையும் நேரங்களையும் குறித்து, மருத்துவரின் கடிதத்தை இணைத்து, உங்கள் வீட்டு உரிமையாளர் வழியாகக் கொடுங்கள். அவர் சங்க உறுப்பினர் என்பதால் கூட்டத்தில் எழுப்பவும் முடியும். டக்டும் படிக்கட்டும் எல்லோருக்கும் பொதுவானவை. டக்டில் புகை விடுவது தொல்லையாகிறது என்று பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வந்தால், உங்களுக்குப் பின் குடிவருபவருக்கும் அது பயன்படும்.

இவ்வளவுக்கும் பிறகு பையனுக்கு இழுப்பு குறையவில்லை என்றால், வீட்டை மாற்றுங்கள். ஒப்பந்தக் காலம் முடியாவிட்டாலும் மருத்துவரின் கடிதத்தைக் காட்டி, முன்கூட்டியே காலி செய்ய அனுமதியும் முன்பணத்தில் பிடித்தம் வேண்டாம் என்ற உறுதியும் உரிமையாளரிடம் கேட்டுப் பாருங்கள். புது வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், ஒருமுறை இரவு ஒன்பது மணிக்கு மேல் போய், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிறிது நேரம் நின்று பார்த்துவிடுங்கள்.