புளித்துப்போனதா, புளிக்க வைத்ததா?

போன இதழில் புரூசெல்ஸ் பற்றி எழுதியபோது ஈஸ்ட் சேர்க்காமல் தானாகவே நொதித்துப் புளிக்கும் லாம்பிக் பியரை ஒரே வரியில் தொட்டுவிட்டுப் போயிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரியைப் பற்றித்தான். பதினாறு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். இதைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தால் விடமாட்டேன் என்பது என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கேள்வி: வேலை விஷயமாக புரூசெல்ஸ் போயிருந்தேன். 'கூஸ்' என்ற பியரைக் குடித்துப் பார்க்கச் சொன்னார்கள். ஒரு வாய் வைத்ததுமே முகம் கோணிவிட்டது. கெட்டுப்போன பாட்டில் என்று பரிமாறியவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நான் ஏமாந்தேனா?

பதில்: இல்லை, உங்களுக்கு வந்தது நல்ல பாட்டிலாகத்தான் இருக்க வேண்டும். கூஸ் என்பது லாம்பிக்கின் ஒரு வகை, அதன் இயல்பே புளிப்பு. முதல் தடவை நானும் இதையேதான் சொன்னேன், அதுவும் எனக்கு வாடகைக்கு வீடு தந்த வீட்டுக்காரரின் நிலவறையில் அவருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு. புரூசெல்ஸுக்கு அருகே உள்ள லெம்பேக் ஊர்ப் பக்கத்து மனிதர், அப்போதே எழுபதைத் தாண்டியவர். கோபப்படவில்லை. "பேசாமல் மூன்று வாய் குடியுங்கள், அப்புறம் சொல்லுங்கள்" என்றார்.

முதல் வாயில் புளிப்பைத் தவிர எதுவும் தெரியவில்லை. எலுமிச்சையைப் பிழிந்துவிட்டுத் தண்ணீர் ஊற்ற மறந்த மாதிரி இருந்தது. இரண்டாவதில் நாக்கு கொஞ்சம் சமாதானமானது. மூன்றாவதில்தான் புளிப்புக்குப் பின்னால் நின்றவை ஒவ்வொன்றாக வந்தன: பச்சை ஆப்பிளின் தோல், பம்பளிமாஸ், ஈர வைக்கோல், கொஞ்சம் மாட்டுத் தொழுவம். தொழுவம் என்றதும் மூக்கைச் சுளிக்காதீர்கள், இங்கே அது பாராட்டு. குதிரையின் முதுகில் போடும் கம்பளி மாதிரி மணக்கிறது என்று ருசி பார்ப்பவர்கள் ஆசையாகச் சொல்வார்கள்.

பியர் என்று நினைத்துக் குடித்ததுதான் நம் இரண்டு பேருடைய தப்பும். இதில் கசப்பு கிட்டத்தட்ட இல்லை. இருந்த சர்க்கரையை எல்லாம் நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடுவதால் இனிப்பும் இல்லை. அடுத்த தடவை உலர்ந்த வெள்ளை ஒயின் என்று நினைத்து வாயில் வையுங்கள், பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

உண்மையிலேயே கெட்ட பாட்டிலும் உண்டு. அதை மூக்கு சொல்லிவிடும். நல்ல கூஸின் புளிப்பு பெரும்பாலும் தயிரில் இருக்கும் லாக்டிக் அமிலத்தின் புளிப்பு. அது நாக்கின் இரண்டு ஓரத்தையும் பிடிக்கும், தொண்டையை விட்டுவிடும். கோப்பையை மூக்கருகே கொண்டுபோகும்போதே வினிகர் போலச் சுரீரென்று ஏறி, குடித்தால் தொண்டையும் எரிந்தால், பீப்பாய்க்குள் காற்று அதிகமாகப் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். நனைந்த அட்டைப் பெட்டி வாசனை வந்தால் பழியைக் கார்க்கின் மேல் போடுங்கள்.

கேள்வி: ஈஸ்ட் சேர்க்காமலே நொதிக்கும் என்று எழுதியிருந்தீர்கள். நம் கள்ளு மாதிரியா?

பதில்: அந்த வகையில் உறவுதான். யாரும் எதையும் சேர்ப்பதில்லை, காற்றிலும் பாத்திரத்திலும் இருப்பது வேலை செய்கிறது. ஆனால் கள்ளு அன்றைக்கே குடிக்க வேண்டியது, வைத்திருந்தால் காடிதான். லாம்பிக் காத்திருக்கும், காத்திருக்கவும் வைக்கும்.

பார்லி மால்ட்டோடு (முளைகட்டிக் காயவைத்த பார்லி) முளைகட்டாத கோதுமை 30 முதல் 40 சதவீதம் வரை சேர்த்துக் கஞ்சியாக்கி, வடித்த நீரை மணிக்கணக்கில் கொதிக்க வைக்கிறார்கள். அதில் போடும் ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பு தரும் பூ) புதுசு இல்லை. இரண்டு மூன்று வருடம் கிடந்து கசப்பையும் மணத்தையும் இழந்தது. வேண்டாத கிருமிகளை அடக்கும் குணத்துக்காக மட்டும்தான் அது. கொதித்த நீரை மாடியில் இருக்கும் அகலமான, ஆழமில்லாத செப்புத் தொட்டியில் ஊற்றி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, ராத்திரி முழுக்க ஆறவிடுவார்கள். காலையில் அது மரப் பீப்பாய்க்குப் போகும். இந்த வேலை ஏறக்குறைய அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரைதான். கோடையில் ஒரே ராத்திரியில் ஆறாது, வேண்டாத விருந்தாளிகளும் கூட்டமாக வந்துவிடுவார்கள்.

புரூசெல்ஸின் ஒரு பகுதியான ஆண்டர்லெக்ட்டில் 1900இல் தொடங்கிய கான்டியோன் ஆலையை 1978 முதல் அருங்காட்சியகமாகவும் நடத்துகிறார்கள். மேலே ஏறி அந்தத் தொட்டியை நேரில் பார்க்கலாம். பீப்பாய் அறையில் சிலந்தி வலைகளை யாரும் தட்டுவதில்லை. பழம் தேடி வரும் பூச்சிகளைச் சிலந்திகள் பார்த்துக்கொள்ளும். (வீடு சுத்தம் செய்யச் சொல்லும்போது இதை எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.)

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் பீப்பாய்க்குள் நடப்பது. முதலில் சாதாரண ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹால் ஆக்கும். கோடைச் சூடு வந்ததும் பீடியோகாக்கஸ் என்ற பாக்டீரியா புளிப்பேற்றும். அந்தச் சமயத்தில் சில பீப்பாய்கள் எண்ணெய் போலக் கொழகொழத்துப்போகும். ஊற்றினால் நூலாக இழுக்கும். 'நோய்' என்றே அதற்குப் பெயர். புதிதாகப் பார்ப்பவர் கொண்டுபோய்க் கொட்டிவிடுவார். தெரிந்தவர் கைகட்டி உட்கார்ந்திருப்பார். பிரெட்டனோமைசிஸ் என்ற இன்னொரு ஈஸ்ட் மெதுவாகத் தலைதூக்கி, அந்தக் கொழகொழப்பைக் கரைத்துத் தின்றுவிடும். நான் சொன்ன தொழுவ வாசனையும் அதன் வேலைதான். 1904இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தின் கிளாசன், இங்கிலாந்து பியரிலிருந்து பிரித்தெடுத்து அதற்குப் பெயர் வைத்தார். 'பிரிட்டிஷ் பூஞ்சை' என்று பொருள். அதில் ஒரு வகைக்கு, பின்னாளில், புரூசெல்ஸின் பெயரே ஒட்டிக்கொண்டது.

கேள்வி: லாம்பிக், கூஸ் இரண்டும் ஒன்றா?

பதில்: லாம்பிக் என்பது பீப்பாயில் இருப்பது, நுரை அநேகமாக இருக்காது. ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் ஆன லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் அடைத்தால் இளையதில் மிஞ்சிய சர்க்கரை மறுபடி நொதித்து நுரை கட்டும். அதுதான் கூஸ். பிரெஞ்சு பேசுகிறவர் ஒரு மாதிரி உச்சரிப்பார், பிளெமிஷ் (பெல்ஜியத்து டச்சு) பேசுகிறவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்வார். நீங்கள் எப்படிச் சொன்னாலும் பாட்டில் வந்துவிடும்.

கேள்வி: செர்ரி போட்ட 'கிரீக்' வாங்கினேன். சர்பத் மாதிரி தித்தித்தது. நீங்கள் புளிப்பு என்கிறீர்களே?

பதில்: லேபிளைப் பாருங்கள். 'ஔடே' என்ற சொல் இருந்ததா? பிளெமிஷ் மொழியில் 'பழைய' என்று பொருள். ஔடே கூஸ், ஔடே கிரீக் என்ற பெயர்களுக்கு 1997இலிருந்து ஐரோப்பியப் பாதுகாப்பு உண்டு. இனிப்பேற்றிய பாட்டில் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. உங்களுடையது கடைசியில் இனிப்பு சேர்த்த ரகம்.

கிரீக் என்றாலே புளிப்புச் செர்ரிதான். பழத்தைக் கொட்டையோடு முழுசாகப் பீப்பாயில் போடுவார்கள். பழத்தின் சர்க்கரையும் நொதித்துத் தீர்ந்துபோகும், நிறமும் மணமும் மட்டும் தங்கும். கொட்டையிலிருந்து மெல்லிய பாதாம் வாசனை வரும். இனிப்பு கிரீக்கில் தொடங்கிப் படிப்படியாகப் புளிப்புக்கு வாருங்கள் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இனிப்புக்குப் பழகிய நாக்கு கடைசிவரை இனிப்பையே தேடும். நேராக ஔடே கூஸில் குதியுங்கள், கூட இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு சின்னக் கோப்பையில்.

கேள்வி: வீட்டில் எப்படி வைப்பது, எப்படி ஊற்றுவது?

பதில்: இருட்டான, சூடேறாத இடம். கார்க் போட்ட பாட்டிலைப் படுக்க வைப்பதுதான் இந்த ஊர் வழக்கம். வருடக்கணக்கில் தாங்கும். குடிக்கும்போது சுமார் 12 டிகிரி போதும், பனிக்கட்டி போல் ஆக்கினால் வெறும் புளிப்புதான் மிஞ்சும். படுத்திருந்த பாட்டிலைப் பிரம்புக் கூடையில் அப்படியே சாய்த்து வைத்து, அடியில் தங்கிய வண்டல் கலங்காமல் ஊற்றுவார்கள். என்னிடம் கூடை இல்லாத காலத்தில், ரயிலில் குலுங்கி வந்த பாட்டிலை வந்த கையோடு திறந்தேன். கால் பாட்டில் கூரைக்குப் போனது.

கேள்வி: தொட்டுக்கொள்ள என்ன?

பதில்: ரொட்டியில் தடவிய வெண்ணிறப் பச்சைப் பாலாடைக்கட்டி, மேலே முள்ளங்கி வில்லைகள். இதற்கு மேல் நான் யோசித்ததே இல்லை.

கேள்வி: மூன்று வாய் என்ன, முழுப் பாட்டிலும் குடித்துப் பார்த்துவிட்டேன். பிடிக்கவில்லை. சர்க்கரை போட்டுக் குடித்தால் சிரிப்பார்களா?

பதில்: சர்க்கரை சேர்த்த லாம்பிக்குக்கு ஃபாரோ என்று தனிப் பெயரே உண்டு. பழைய கஃபேக்களில் கோப்பையோடு சர்க்கரைக் கட்டியும், அதை அடியில் நசுக்க ஒரு சின்ன உலோகக் கோலும் தருவார்கள். அன்றைக்கு நிலவறையில் மூன்று வாயும் முடிந்ததும் வீட்டுக்காரர் சர்க்கரை டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். நான் ரோஷத்தோடு வேண்டாம் என்றேன். "சரி" என்று இரண்டு கட்டிகளைத் தன் கோப்பையில் போட்டு நசுக்க ஆரம்பித்தார்.