மூன்று கோர்ஸ் முடித்தும் சொந்தமாக எதுவும் செய்ய வரவில்லை: பதில்

மெஷின் லேர்னிங்கில் (தரவிலிருந்து கணினியைக் கற்க வைக்கும் முறை) மூன்று ஆன்லைன் கோர்ஸ் முடித்தும், அதை எதற்குப் பயன்படுத்துவது என்றே தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நான்காவதில் சேராதீர்கள். கோர்ஸில் தருவது சுத்தம் செய்த தரவு. உதாரணமாக, கோர்ஸ்களில் அடிக்கடி வரும் ஐரிஸ் பூ அளவுகளின் அட்டவணை (1936இல் வெளியானது): அதன் 150 வரிகளில் ஒரு காலி இடம்கூட இருக்காது.

உங்கள் வங்கிக் கணக்கின் ஓராண்டு வரவு செலவை சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணை) இறக்குங்கள். ஒவ்வொரு வரிக்கும் ‘பயணம்’, ‘மருந்து’ என்று நீங்களே வகை குறியுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் பாடமே அங்கேதான் இருக்கிறது: ஒரே கடையின் பெயர் மூன்று விதமாக வந்து நிற்கும். அப்புறம் புது வரியின் வகையைக் கணினியே ஊகிக்க, சைகிட்-லேர்ன் என்ற பைதான் நிரல் தொகுப்பில் டிஎஃப்-ஐடிஎஃப்பும் (சொற்களை எண்களாக்கும் முறை) லாஜிஸ்டிக் ரிக்ரெஷனும் (அந்த எண்களிலிருந்து வகையைக் கணிக்கும் எளிய முறை) போதும். நியூரல் நெட்வொர்க் போன்ற சிக்கலான மாடல் இப்போதைக்கு வேண்டாம். கடைசி இரண்டு மாத வரிகளைப் பயிற்சியில் சேர்க்காமல் தனியே வைத்துச் சோதியுங்கள். எந்த வரிகளில் தவறுகிறது என்று இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.